கில்லாடிக் கிழங்கு

போன வாரம் நம் மாடித்தோட்டக் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறி, உள்ளே இருந்த கிளாடியோலஸ் கிழங்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறார். பாதிக் கிழங்கு கூழாகி விரலிடுக்கில் வழிகிறது. "தினமும் தவறாமல் தண்ணீர் விட்டேன், சாணமும் போட்டேன், ஏன் இப்படி?" என்று கேள்வி. கூடவே அழுகிற பொம்மை முகம். நீங்கள் எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொன்னீர்கள். நான் போனைக் குப்புறப் போட்டுவிட்டு, எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். படத்துக்கு ஏது நாற்றம் என்பீர்கள். எனக்கு அடித்தது.

இத்தனை செடி வளர்க்கிறவள் ஏன் பதில் போடவில்லை என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். போட்டிருக்கலாம்தான். தினமும் ஊற்றாதே, பச்சைச் சாணம் போடாதே என்று இரண்டு வரியில் முடிகிற சங்கதி. ஆனால் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் என் பெரியப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டி இந்தக் கிழங்கைப் பற்றி எனக்குப் பேச வராது. நம் வயதில் தூக்கமும் வருவதில்லை, பஸ் ஏறி எங்கும் போகவும் முடிவதில்லை. ஆகவே படியுங்கள்.

ராசிபுரத்துக்குக் கிழக்கே போதமலை தெரிகிற பக்கம் எங்கள் ஊர். நாங்கள் மஞ்சள் காட்டுக்காரர்கள். ஒரே வளவுக்குள் பெரியப்பா, பெரியம்மா, என் அப்பா அம்மா, பிறகு சித்தப்பா. வீட்டில் பெரியப்பா சொல்தான் சட்டம். என் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வாக்கியம், "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." அதைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்.

பெரியப்பாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். பொடி போட்ட கையாலேயே முறுக்கை ஒடித்து, "இந்தா சாமி" என்று என் வாய்க்கு நேராக நீட்டுவார். முறுக்கின் ஓரத்தில் பழுப்பாக ஒட்டியிருக்கும். வாங்காவிட்டால் மரியாதை தெரியாத பிள்ளை. வாங்கிக் கோழிக்குப் போட்டால் கோழியே யோசிக்கும். அவருடைய கைத்துண்டு, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, எங்கள் வீட்டுக் கொடியில் மற்றவர்கள் துணியோடு சேர்ந்தே காயும். சொன்னால் உங்களுக்குக் குமட்டும். எனக்கு அந்தக் குமட்டலோடுதான் பிள்ளைப்பருவமே போனது. பெரியம்மா வெற்றிலைப் பிரியை. பரமத்தி வேலூர்க் கொடிக்கால் வெற்றிலையைத் தவிர வேறு போட மாட்டாள். சுண்ணாம்பு விரலைச் சுவரில் துடைப்பாள். அவள் உட்காரும் இடத்துச் சுவரைப் பார்த்தால் ஏதோ பறவை குடியிருக்கிறது என்று நினைப்பீர்கள்.

சித்தப்பா திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம், ஆந்திரா என்று போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவார். வந்த நாளெல்லாம் தூங்குவார். எழுந்தால் சாப்பிடுவார். அவரைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் சித்தி.

சித்தி ஏற்காட்டில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா பிழைப்புக்காக மலைக்கு மேலே போய், ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் பூச்செடி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கன்றுக்குட்டியைக்கூட "வாங்க, தண்ணி குடிங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தி, "சரி மாமா", "இல்லக்கா" என்று 'ங்க' சேர்க்காமல் மொட்டையாகப் பேசுவாள். அதுவே முதல் குற்றம். இரண்டாவது குற்றம், கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியும் முழுகாமல் இருக்கவில்லை என்பது. புருஷன் இருப்பது ஜபல்பூரில், இவள் இருப்பது போதமலை அடியில். இந்தக் கணக்கு அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கும் வரவில்லை. அன்று எனக்கும் வரவில்லை, நான் பாவாடை சட்டைக்காரி. இன்று நினைத்தால் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

ஐப்பசியில் பிறந்தகம் போய்த் திரும்பியபோது சித்தி ஒரு துணிப்பை நிறையக் கிழங்கு கொண்டுவந்தாள். தட்டையாக, பழுப்பு வலை போர்த்தினாற்போல் இருந்தது. வெங்காயம் என்று நினைத்து ஒன்றை உரித்தேன். அடுக்கு வரவில்லை. உள்ளே ஒரே கட்டிக் கிழங்கு. "பூ வரும் கண்ணு, உன் இடுப்பு உசரத்துக்கு" என்றாள். பூவின் பெயர் கிளாடியோலஸ், மலையில் சுருக்கமாகக் கிளாடி என்பார்களாம். பெரியம்மா வாயில் அது புகுந்து கில்லாடி ஆனது. அன்று முதல் அது கில்லாடிக் கிழங்கு, அவள் கில்லாடி. "கில்லாடி எங்க போனா? மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லு." இப்படி.

கிழங்கை நட அவள் தேர்ந்தெடுத்தது மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் இருந்த செம்மண் மேடு. பெரியப்பா கைத்துண்டால் மூக்கைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"ஏம் புள்ள, பொடக்காலில குளிக்கற தண்ணி போற எடத்துல வெச்சா நீ ஊத்தாமயே வளருமில்ல? மேட்டுல போயி ஏறி நிக்கற?"

"ஈரம் நின்னா கிழங்கு அழுகிடும் மாமா. மேடுதான் நல்லது."

"அழுகுமாமா! மஞ்சக்காட்டுக்காரனுக்குக் கெழங்கு சொல்லித் தர்றா, கேட்டயா?" என்று கொட்டாயில் இருந்த எருமையிடம் சொன்னார்.

அவள் சிரித்துக்கொண்டே நட்டாள். மேலாக வைத்தால் பூ வந்த பிறகு காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்று நாலு விரல்கடை ஆழத்தில் வைத்தாள். தொட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர் விட்டாள். இலையில் வெள்ளி கீறினாற்போல் கோடு விழுந்தது. இலைப்பேன் விழுந்திருக்கிறது என்று வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளித்தாள். குழுவில் கேட்டவரே, உங்களுக்கு வேண்டியதில் பாதி இதிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதி இனிமேல்.

தை மாதம் பூத்தது. வாள் மாதிரி இலைகளுக்கு நடுவிலிருந்து தண்டு கிளம்பி, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிந்தது. வெளிர்ச் சிவப்பு, உள்ளே மஞ்சள் தீற்றல். சாய்ந்த தண்டுகளுக்குச் சித்தி மூங்கில் சிம்பு ஊன்றிக் கட்டினாள். ஊரே வந்து பார்த்தது. பெரியப்பா ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம், "நம்ம வளவுல வெச்சதுங்க. நம்ம மண்ணு அப்படி" என்றார். பூத்தால் மண்ணின் பெருமை. அழுகினால் யாருடைய சிறுமை என்று பிறகு பார்ப்பீர்கள்.

பூ முடிந்து இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் சித்தி தண்ணீரை நிறுத்திவிட்டாள். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்துக் குடம் குடமாக ஊற்றினார். "பச்ச உசுரத் தண்ணி காட்டாமக் கொல்றா" என்று தெருவில் போகிறவனிடமும் சொன்னார். அது சாகவில்லை, பாடு முடிந்து மண்ணுக்குள் உறங்கப் போகிறது என்று சித்தி இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. பங்குனியில், மண்ணில் அவர் ஊற்றிய ஈரம் இருக்கும்போதே, இனியும் விட்டால் கெட்டுப்போகும் என்று தோண்டி எடுத்தாள்.

கிழங்கைக் கயிற்றுக் கட்டிலில் ஒன்றோடொன்று படாமல் நிழலில் பரப்பினாள். அப்போதுதான் அந்த அதிசயத்தைக் கவனித்தேன். நட்ட கிழங்கு சப்பி, சுருங்கி, கீழே வடை போலத் தட்டையாக இருந்தது. அதன் தலையில் கொழுகொழுவென்று புதுக் கிழங்கு உட்கார்ந்திருந்தது. ஓரமெல்லாம் மிளகும் பட்டாணியுமாகப் பொடிக் குஞ்சுகள். சித்தி புதுக் கிழங்கைப் பிடித்து லேசாகத் திருகி, கீழிருந்த பழசைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள். நானும் உட்கார்ந்து பிய்த்தேன். டக்கென்று கழன்று வருவது விளையாட்டாக இருந்தது.

பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். வாயில் வெற்றிலை. அதைத் துப்பவும் மறந்துபோய்க் கத்தினாள்.

"அடக் கெரகமே! தாயக் கிள்ளிக் குப்பையில போடறாளே! ஏனுங்க, இங்க வந்து பாருங்க இவ பண்ற கூத்த!"

இது உங்களுக்கு விளங்க வேண்டும் என்றால் மஞ்சள் தெரிய வேண்டும். மஞ்சளில் நடுவே இருக்கும் உருண்டைதான் தாய்க் கிழங்கு. பக்கத்தில் கிளைப்பவை விரலி. விதைக்குத் தாய்க் கிழங்கைத்தான் பத்திரமாக எடுத்து வைப்போம். தாயை வைத்தால்தான் செடி வாளிப்பாக வரும் என்பது எங்கள் ஆட்களுக்கு வேதம். மஞ்சளுக்கு அது சரி. ஆனால் எங்கள் ஆட்களுக்கு மண்ணுக்குள் விளைந்ததெல்லாம் மஞ்சள்.

"அக்கா, அது சத்தெல்லாம் போன பழசு. கூட வெச்சா அதுல இருக்கற நோவு புதுசுக்கு ஒட்டிக்கும். அதனால எடுத்துப் போடறது" என்றாள் சித்தி.

பெரியப்பா குனிந்து குப்பைக் கூடையிலிருந்து சப்பிப்போன கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். காணாமல் போன பிள்ளைகளைக் கண்டெடுத்தது மாதிரி துண்டில் வைத்தார். "தாய்தான் வெதை, புள்ள. இத்தன வருசமா மஞ்ச போடறேன், எனக்குத் தெரியாதா? அந்தப் பொடுசெல்லாம் கோழிக்குப் போடு. இனி நீ இதத் தொடாத. நான் பாத்துக்கறேன்."

பெரியம்மா அப்போதுதான் துப்பினாள். துப்பிவிட்டுச் சொன்னாள்: "தாயக் கிள்ளி எறியற கைக்கு மடி எப்படி நெறையும்?"

சித்தி கையிலிருந்த கிழங்கைக் கட்டிலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். என் அப்பா, "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். என் அம்மா துடைப்பத்தை எடுத்துச் சிந்திய மண்ணைக் கூட்டினாள்.

பெரியப்பா பார்த்துக்கொண்ட விதம் இது. விதை மஞ்சளைக் குடோன் மூலையில் குவித்து, மஞ்சள் இலையால் போர்த்தி, மேலே சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி மூடி வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் அந்தக் குவியலுக்குள்ளேயே கில்லாடிக் கிழங்கையும் கொட்டினார். புதுசு, பழசு, ஒட்டிய சேறு, காயாத தண்டு எல்லாம் சேர்த்து. அரைகுறையாகக் காய்ந்த ஈரத்தோடு. மேலே அவரே சாணம் பூசி, தட்டிக் கொடுத்து, "இருக்கட்டும், சூடா இருக்கும்" என்றார். குழுவில் கேட்டவரே, இதற்கு நேர் எதிராக எதைச் செய்தாலும் உங்கள் கிழங்கு பிழைக்கும்.

சித்திரை வெயிலில் தொடங்கியது நாற்றம். முதலில் செத்த எலி என்றார்கள். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கித் தேடினோம். பூனை மேல் சந்தேகப்பட்டுப் பூனையை அடித்தார்கள். ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள், சோற்றுத் தட்டில் குனிந்தால் அந்த வாடை தட்டிலிருந்தே எழுந்தது. ஊறிய தோலும் கெட்ட முட்டையும் கலந்தாற்போல, கொஞ்சம் தித்திப்பாக. அந்தத் தித்திப்புதான் சகிக்காதது. தலைமுடியில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். மஞ்சள் மண்டிக்காரர் வந்தவர் மோர் வேண்டாம் என்று வாசலோடு போனார். பெரியம்மா சாம்பிராணி போட்டாள். அது நாற்றத்துக்குப் பொட்டு வைத்தாற்போல ஆனது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. பொடி ஏறிய மூக்கு. "என்ன நாத்தம்? எல்லாத்துக்கும் கிறுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் சாணப் பூச்சு தானே வெடித்தது. அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து குடோன் வாசலுக்கு வந்தது. மஞ்சத்தண்ணி என்றால் மங்கலம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மஞ்சத்தண்ணியில் புழு நெளிந்தது. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும் உள்ளே சாம்பல் நிறக் கூழ், நீலம் பூத்த பூசணம், விரல் வைத்தால் உள்ளே போகிற மஞ்சள். விதை முழுக்கப் போயிற்று. அடுத்த வருஷ வெள்ளாமையே அதில்தான் இருந்தது.

பெரியப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பாவம் என்றுகூட நினைத்தேன். பிறகு வாயைத் திறந்தார்.

"இவ கொண்டாந்த கெழங்குதான் என்ற வெதையக் கெடுத்துப்போடுச்சு. ராசி கெட்ட கை. கை பட்ட எதும் உருப்படல."

"நான் அப்பவே சொன்னனுங்க" என்றாள் பெரியம்மா. அவள் அப்போது சொன்னது மடியைப் பற்றி, அழுகலைப் பற்றி இல்லை.

அன்றே முடிவானது. ரிக் முதலாளி வீட்டுக்கு ஆள் போனது, சித்தப்பாவை உடனே வரச் சொல்லி. வந்ததும் இவளை ஏற்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. பரமத்தி வேலூர்ப் பக்கம் வேறு பெண் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதுவரைக்கும் அழுகியதை என்ன செய்வது? "கொண்டாந்தவளே அள்ளட்டும்" என்றார் பெரியப்பா.

சித்தி அள்ளினாள். மூங்கில் கூடையில் சாக்கு விரித்து, இரண்டு கையாலும் வாரிப் போட்டு, ஒழுக ஒழுகத் தூக்கிக்கொண்டு எருக்குழிக்கு நடந்தாள். கூடவே போகாதே என்று என்னைத் தடுத்தார்கள். ஆனாலும் எருக்குழி வரை போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். அவள் பொத்தவில்லை, கை ஒழியவில்லை.

"உங்க சித்தப்பா வரட்டும் கண்ணு," என்றாள். "பூமியத் தொளைக்கறவரு. எந்த மண்ணுல ஈரம் நிக்கும், எதுல நிக்காதுன்னு அவருக்குத் தெரியாதா? ஒரு தடவ கண்ணால பாத்தாப் போதும், சொல்லிருவாரு."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சித்தப்பா வந்து பார்த்து, உண்மையை ஒரு வார்த்தை அண்ணன் முன்னால் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவள் அந்த வீட்டில் இருக்கலாம். அந்த வீட்டில் போய் எதற்கு இருக்க வேண்டும் என்று இப்போது கேட்கிறேன். அப்போது நானும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன்.

நாலாம் நாள், சித்தி கூடையோடு எருக்குழிக்குப் போயிருந்தபோது, சித்தப்பா உச்சி வெயிலில் வந்து இறங்கினார். பையை வைத்ததும் நேரே குடோனுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். மிச்சமிருந்த சாணப் பூச்சைக் காலால் நெம்பினார். குனிந்து ஒரு கட்டியை எடுத்து நசுக்கினார். முகர்ந்தார். "ஈரத்தோட போட்டு மூடியிருக்காங்க" என்றார். என்னிடம் இல்லை, தனக்குத்தானே. என் காதில் தெளிவாக விழுந்தது. தெரிந்துவிட்டது, இனிச் சொல்லிவிடுவார்.

குளித்துவிட்டு வந்து அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாழை இலை போட்டு, பெரியம்மா சோறு வைத்தாள். பெரியப்பா பேச்சைத் தொடங்கினார், வேலூர்ப் பெண்ணின் அப்பாவுக்குக் காவிரிக்கரையில் எவ்வளவு கொடிக்கால் என்று. அந்த நேரத்தில் கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டுச் சித்தி நேராக உள்ளே வந்தாள். முழங்கை வரைக்கும் கூழ். தரையில் சொட்டியது. பெரியம்மா, "ஐயோ கருமமே, சோத்துக்கு முன்னால" என்று முந்தானையால் மூக்கை மூடினாள்.

சித்தி, சித்தப்பா எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருங்க. இது என் ராசியோட நாத்தமா, ஈரத்தோட வெச்சு மூடுன நாத்தமா? உங்களுக்குத் தெரியும். சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

சித்தப்பா முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கம் அண்ணன் இருந்தார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆறுது, சாப்புடு" என்றார். சித்தப்பா இலையைப் பார்த்தார். பிறகு, அந்தக் குரல் எனக்கு இன்றும் அப்படியே கேட்கிறது, சலித்துக்கொள்வது போலச் சொன்னார்:

"மொதல்ல போயிக் கையக் கழுவு."

சித்தி எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்ததை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்படி ஒரு நிதானத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. மறுபடி சாம்பல், மறுபடி தண்ணீர். உள்ளே போய்த் தன் துணிமணியைப் பையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சாப்பிடுகிறவர்கள் முன்னால் நின்று, சுத்தமான இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"கழுவிட்டேன்."

அவ்வளவுதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தாள். நான் ஓடப்போனேன். என் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் ஒருவரும் எழவில்லை. தரையில் அவள் கையிலிருந்து சொட்டியது அப்படியே கிடந்தது, அதன் மேல் ஈ மொய்த்தது. அந்த நாற்றத்துக்கு நடுவில் என் சித்தப்பா சாப்பிட்டார். குழம்பு போதவில்லை என்று கேட்டு வாங்கினார். ரசம் ஊற்றச் சொன்னார். இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மோர் இருக்கிறதா என்று கேட்டார்.